மலை வீட்டில் வெப்பம் மீட்கும் காற்றோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சொந்தமாக நின்று பெரிய வீடு கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கொடைக்கானலுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மாறுகிற இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது?

குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் போன்ற ஈரமான இடங்களிலிருந்து பழைய காற்றை ஒரு விசிறி இழுத்து வெளியே தள்ளும். அதே அளவு வெளிக்காற்றை இன்னொரு விசிறி இழுத்துப் படுக்கையறைகளுக்கும் ஹாலுக்கும் கொடுக்கும். மெஷினுக்குள் இரண்டு காற்றும் மெல்லிய தகடுகளின் இரண்டு பக்கமும் ஓடும், கலக்காது. போகிற காற்றின் சூடு தகடு வழியாக வருகிற காற்றுக்கு ஏறும். நல்ல மெஷின் 75 முதல் 90 சதவீதம் வரை சூட்டை மீட்கும். வெளியே 5 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்றால், 80 சதவீத மெஷினில் படுக்கையறைக்கு வரும் புதுக்காற்று 15 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். கடையில் இதை எச்ஆர்வி என்று கேட்டால் தெரியும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா? இவ்வளவு காலம் அப்படித்தானே இருந்தோம்?

பகலில் போதும். ஜனவரி மத்தியானம் ஊட்டியில் வெளியே 18, 20 டிகிரி வெயில் அடிக்கும்போது ஜன்னலைத் திறப்பதைவிட நல்லது எதுவும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகுதான் பிரச்சினை. எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுக்கிறோம். வெளியே 5 டிகிரிக்கு இறங்குகிறது. தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரிப் பள்ளமான இடங்களில் 0-க்கும் கீழே போய்ப் புல் மேல் உறைபனி படிகிறது. அந்த நேரத்தில் யாரும் ஜன்னல் திறக்கப்போவதில்லை.

12க்கு 12 அடி அறையில் இரண்டு பேர் கதவடைத்துத் தூங்கினால், இடுக்கு இல்லாத வீட்டில் கரியமில வாயு காலைக்குள் 2,000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 2,000 பங்கு) தாண்டுவது சாதாரணம். வெளிக்காற்றில் அது சுமார் 420தான். விடிந்ததும் தலை கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஈரம். பழைய வீடுகளில் ஓட்டு இடுக்கு, மரச்சட்ட ஜன்னல், புகைபோக்கி எல்லாம் சேர்ந்து நாள் முழுக்கக் காற்றை மாற்றிக்கொண்டே இருந்தன. குளிர் உள்ளே வந்தது, ஆனால் ஈரம் வெளியே போனது. இப்போது ரப்பர் பட்டை வைத்த யுபிவிசி ஜன்னல், கான்கிரீட் கூரை, இரண்டு பக்கமும் பூசிய சுவர் என்று கட்டுகிறோம். ஈரத்துக்குப் போக வழியில்லை. ஆகஸ்ட் மாதம் இப்படி ஒரு புது வீட்டில் மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவை இழுத்துப் பாருங்கள். பீரோ நின்ற அளவுக்குச் சுவரில் கரும்பூசணம் படிந்திருக்கும், ஓரங்களில் பெயின்ட் பொரிந்திருக்கும். உள்ளே தொங்கும் தோல் பெல்ட்டில் பச்சையாக மாவு பூத்திருக்கும். சுவர் ஒழுகுகிறது என்று கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். பல வீடுகளில் மழைத்தண்ணீர் அதற்குக் காரணமே இல்லை. நாமே உள்ளே விட்ட ஈரம்தான் குளிர்ந்த சுவரில் தங்கியிருக்கும்.

எவ்வளவு விடுகிறோம் என்று பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் சுமார் 22 லிட்டர். சோற்றுப் பானையின் ஆவி இதில் சேராது. மூச்சு, குளியல், மழைக்காலத்தில் ஹாலில் கொடி கட்டிக் காயவைக்கும் துணி எல்லாம் கூட்டினால், ஆறு பேர் உள்ள குடும்பத்தில் நாளுக்கு 10 லிட்டர் வரும்.

எல்லா மலை வீட்டுக்கும் இது வேண்டுமா?

வேண்டாம். கூடலூர், பந்தலூர் பக்கம் உயரம் குறைவு, குளிரும் குறைவு. அங்கே மீட்பதற்குச் சூடு இல்லை, நல்ல எக்ஸாஸ்ட் விசிறிகள் போதும். கீழ்க்குன்னூர்ப் பக்கத்துக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1,800 மீட்டருக்கு மேலே, வருடம் முழுக்கக் குடியிருக்கிற, இடுக்கில்லாமல் கட்டுகிற, ஏதாவது ஒரு வகையில் சூடேற்றுகிற வீடு என்றால் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. இந்த நான்கில் இரண்டு இல்லாவிட்டால் பணத்தைக் கூரை வெப்பக்காப்புக்கும் இரட்டைக் கண்ணாடிக்கும் போடுங்கள்.

வீட்டில் ஹீட்டர் கிடையாது. இந்த மெஷின் வீட்டைச் சூடாக்குமா?

சூடாக்காது. இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தெற்குப் பக்கம் வெயில் வாங்கும் ஜன்னல், கூரைக்கும் சுவருக்கும் வெப்பக்காப்பு, அப்புறம் இடுக்கடைப்பு, கடைசியாகத்தான் மெஷின். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் ஏமாற்றம்தான் வரும்.

மழைக்காலத்தில் ஈரத்தை எடுத்துவிடுமா?

விற்கிறவர்கள் ஆமாம் என்பார்கள். குளிர்காலத்துக்கு அது உண்மை. தென்மேற்குப் பருவமழைக்குப் பாதிதான் உண்மை.

கணக்கைப் பாருங்கள். ஜனவரி இரவு, வெளியே 4 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். கேட்கப் பெரிதாக இருந்தாலும், குளிர்ந்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு 6 கிராம் தண்ணீர்கூட இருக்காது. அந்தக் காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்கு ஏறி, நாம் விடும் ஈரமும் சேர்ந்தாலும், 50 சதவீதத்தைத் தாண்டாது. அருமையான காற்று.

ஜூலை மாதம் வேறு கதை. வெளியே 15 டிகிரி, 95 சதவீதம். ஒரு கன மீட்டரில் 12 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அதோடு குடும்பத்தின் 10 லிட்டரும் சேர்ந்தால், 20 டிகிரி வீட்டில் 80 சதவீதத்தைத் தொடும். 18 டிகிரி வீட்டில் 90. சுவரின் மேற்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் பூசணம் வரும். காற்றோட்டம் இல்லாவிட்டால் இதைவிட மோசமாக ஜன்னலில் தண்ணீர் வழியும் என்பதால் மெஷின் பயன்படத்தான் செய்கிறது. ஆனால் அது தனியாக ஜெயிக்காது. மழை விடாமல் பெய்யும் வாரங்களுக்கு ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று தேவை. அதற்கு ஒரு பிளக் பாயின்ட்டையும் தண்ணீர் வடியும் குழாயையும் இப்போதே திட்டத்தில் போட்டுவிடுங்கள். சாதாரண கம்ப்ரஸர் வகை 15 டிகிரிக்குக் கீழே தடுமாறும், உள்ளே பனிக்கட்டி கட்டும். குளிர்ந்த வீட்டுக்கு உலர்த்திச் சக்கரம் வைத்த வகைதான் ஏற்றது.

கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்தக் கஷ்டம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வரும். மழை மாதம் மாறுகிறது, கணக்கு மாறாது.

ஈரத்தையும் மீட்கும் ஈஆர்வி என்று ஒன்று சொல்கிறார்களே?

அதன் தகடு ஈரத்தையும் கடத்தும். வெளியேற வேண்டிய ஈரத்தில் ஒரு பகுதியை மறுபடி வீட்டுக்கே கொண்டுவரும். ஏசி ஓடும் சென்னை வீட்டுக்கும், குளிரில் மூக்கு காயும் வறண்ட ஊர்களுக்கும் அது சரி. நம்முடைய மலையில் ஈரம்தான் எதிரி, ஆகவே சாதாரண எச்ஆர்வி வாங்குங்கள். வருடத்தில் பல மாதம் ஈரம் உறிஞ்சும் கருவியை ஓட்டப்போகிறவர்கள் மட்டும் ஈஆர்வியை யோசிக்கலாம்.

3,000 சதுர அடி வீட்டுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

நான்கு படுக்கையறை, நான்கு குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் அறை, ஹால், ஒரு படிக்கும் அறை என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர்.

மூன்று வழியில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் என்பது ஜெர்மனியின் பாஸிவ் ஹவுஸ் முறை (மிகக் குறைந்த சக்தியில் சூடாக இருக்கும் வீட்டுக்கான தரம்). ஆறு பேருக்கு 180. ஈரமான அறைகளின் கணக்கு வேறு: சமையலறைக்கு 60, குளியலறை ஒவ்வொன்றுக்கும் 40, துணி அறைக்கு 30. மொத்தம் 250. பிரிட்டிஷ் விதியில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.3 லிட்டர். 3,000 சதுர அடி என்பது சுமார் 279 சதுர மீட்டர், அதன்படி மணிக்கு 300 கன மீட்டர் வருகிறது.

பெரிய வீட்டில் ஆள் குறைவாக இருந்தால் பரப்பளவுக் கணக்கு தேவைக்கு மேலே காட்டும். நான் 250-ஐ வடிவமைப்பு அளவாக எடுப்பேன். கொடுக்கும் பக்கம் நான்கு படுக்கையறைக்கும் 40 வீதம் 160, ஹாலுக்கு 60, படிக்கும் அறைக்கு 30. அங்கேயும் 250. இரண்டு பக்கமும் சமமாக இருப்பது கட்டாயம். ஏசி டக்ட் ஆட்கள் சிஎஃப்எம்மில்தான் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) பேசுவார்கள். ஒரு சிஎஃப்எம் என்பது மணிக்கு 1.7 கன மீட்டர், ஆகவே அவர்களிடம் 150 சிஎஃப்எம் என்று சொல்லுங்கள்.

மெஷின் வாங்கும்போது 250 தருகிற மெஷினை வாங்காதீர்கள். 400, 450 வரை தரக்கூடியதை வாங்கிப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். சத்தமும் குறையும், மின்சாரமும் குறையும். பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் இருபது பேர் வந்து தங்கும்போது வேகம் கூட்டவும் இடம் இருக்கும்.

2,000 மீட்டர் உயரத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100. இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. விசிறி ஒரு சுற்றுக்குத் தள்ளும் கன அளவு மாறாது, ஆனால் அந்தக் காற்று எடை குறைவானது. ஆகவே காற்றின் கன அளவுக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மீட்கும் சூட்டின் கணக்கை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

வேலை முடிந்து காற்றை அளக்க வருகிறவரிடம் எந்த மீட்டர் என்று கேளுங்கள். சூடான கம்பி வைத்த மீட்டர் காற்றின் எடையை உணர்வது, இந்த உயரத்தில் குறைத்துக் காட்டும். சின்னச் சக்கரம் சுழலும் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் இடுக்கு இருந்தால் என்ன? எப்படியும் காற்று வரத்தானே வேண்டும்?

காற்று மெஷின் வழியாக வந்தால்தான் சூடு மீளும். இடுக்கு வழியாக வருவது பனிக்காற்றாகவே வரும், அதுவும் நாம் விரும்பாத இடத்தில். பாஸிவ் ஹவுஸ் தரத்தில், வாசலில் விசிறிக் கருவி வைத்துச் சோதிக்கும்போது, 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு 0.6 முறைக்கு மேல் வீட்டுக் காற்று மாறக் கூடாது. அந்த அளவு இல்லாவிட்டாலும், இடுக்கடைப்பில் அக்கறை காட்டாத வீட்டில் இந்த மெஷின் வீண் செலவு.

நம் ஊர்க் கட்டுமானத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. சுவரின் உட்பக்கச் சிமென்ட் பூச்சே காற்றடைப்பு. பூச்சு விட்டுப்போகும் இடங்களில்தான் ஓட்டை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பூசாமல் விட்ட ஹாலோ பிளாக், பாத்ரூம் பைப் சுவரைத் துளைக்கும் இடம், ஸ்விட்ச் பாக்ஸுக்குப் பின்னால், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, பரண் மூலை. ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் வருவதற்கு முன்பே மேல் மூலை வரை பூசச் சொல்லுங்கள். மறைந்துவிடும் இடம் என்று கொத்தனார் விட்டுவிடுவது வழக்கம், பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நடக்கும். தகரக் கூரை நேராகச் சுவரில் உட்காரும் வீடு என்றால் கூரைக்கும் சுவருக்கும் உள்ள இணைப்புதான் பெரிய ஓட்டை.

அளக்கும் கருவி கிடைக்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள். காற்று வீசாத நாளில் எல்லா ஜன்னல் கதவையும் அடைத்து, சமையலறை எக்ஸாஸ்டையும் குளியலறை எக்ஸாஸ்டுகளையும் முழு வேகத்தில் ஓட்டுங்கள். ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரம், ஸ்விட்ச் பாக்ஸ், கதவு நிலை, சீலிங் மூலை என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே உங்கள் பக்கம் சீறுகிறதோ அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்பு இதைச் செய்துவிட வேண்டும்.

குழாய் வழியை எப்போது முடிவு செய்ய வேண்டும்?

பீமுக்குக் கம்பி கட்டுவதற்கு முன்பு. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மலை நகரங்களில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, தளத்துக்குக் கிடைக்கிற உயரம் அளவானது. பீம் கீழே தொங்கும். குழாய் பீமைத் தாண்ட வேண்டும் என்றால் ஒன்று சீலிங்கைப் பீமுக்குக் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் பீமுக்குள் ஸ்லீவ் (குழாய் நுழைந்து போக விடும் உறை) வைக்க வேண்டும். ஸ்லீவின் இடத்தையும் அளவையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தீர்மானித்து, சுற்றிலும் கூடுதல் கம்பி காட்டி, கான்கிரீட் போடும்போதே வைத்துவிட வேண்டும். அப்புறம் கோர் கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து பீமைத் துளைக்கக் கூடாது. சரிவில் நிற்கும் வீட்டின் பீம் அது.

வெளிநாட்டு வீடியோக்களில் 75 மி.மீ. குழாயைத் தளக் கான்கிரீட்டுக்குள்ளேயே படுக்கவைப்பதைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். நாம் போடும் 5 அங்குலத் தளத்தில் அது வேண்டாம். நடைவழியில் மட்டும் சீலிங்கை ஒரு அடி இறக்கி, அதற்குள் எல்லாக் குழாயையும் ஓட்டி, அங்கிருந்து அறைகளுக்குக் கதவுக்கு மேலேயே திறப்பு வைப்பதுதான் நம் வீடுகளுக்கு எளிது. அறைகளின் சீலிங் உயரம் அப்படியே இருக்கும்.

மாடிக்குப் போகும் குழாய்க்கு 2 அடிக்கு 1 அடி செங்குத்தான குழாய்வழி ஒன்று வரைபடத்தில் வேண்டும். அலமாரியின் முதுகுப்பக்கம் நல்ல இடம்.

பிவிசி பைப்பிலேயே ஓட்டலாமா? அலுமினிய ஃப்ளெக்ஸ் பைப்?

காற்று மெதுவாகப் போக வேண்டும், அதுதான் விதி. கிளைகளில் நொடிக்கு 2 மீட்டரை ஒட்டி, தாய்க்குழாயில் 3-க்குள். 250 கன மீட்டர் 160 மி.மீ. குழாயில் போனால் 3.4 வருகிறது, சத்தம் போடும். 200 மி.மீ. என்றால் 2.2தான். ஆகவே தாய்க்குழாய் 8 அங்குலம்.

கிளைகளுக்கு உள்ளே வழவழப்பான 75 மி.மீ. பிளாஸ்டிக் குழாய் நல்லது. ஒன்றில் 20, 25 கன மீட்டருக்கு மேல் அனுப்பாதீர்கள். படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஒவ்வொன்றும் நடுவில் கிளை பிரியாமல் பங்கீட்டுப் பெட்டியிலிருந்து நேராக அறைக்கே போக வேண்டும். அப்போது ஒரு அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்காது. 110 மி.மீ. பிவிசி வழவழப்பாகத்தான் இருக்கிறது, குறுகிய கிளைக்குச் சரி. முழங்கை வளைவு குறைவாக இருக்கட்டும். அக்கார்டியன் மாதிரி மடியும் அலுமினியக் குழாயை மெஷின் வாயில் அரை அடிக்கு மேல் போடாதீர்கள். மடிப்பெல்லாம் தூசி தங்கும், சுத்தம் செய்யவே முடியாது. தகரச் சுருள் டக்ட் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் செய்து தருவார்கள். ஏற்றிவரும்போது இரண்டு முனையையும் பாலித்தீனால் கட்டச் சொல்லுங்கள், வீட்டில் பொருத்தும் வரை அவிழ்க்கக் கூடாது.

வெளிச்சுவரிலிருந்து மெஷின் வரைக்கும் ஓடும் இரண்டு குழாய்களும் வீட்டுக்குள் குளிர்ந்தே இருக்கும். அவற்றின் மேல் ஈரக்காற்று பட்டால் தண்ணீர் சொட்டும். ஒரு அங்குலத்துக்குக் குறையாத நைட்ரைல் ரப்பர் காப்பு, இணைப்பெல்லாம் பசை போட்டு இடைவெளி இல்லாமல். இந்த இரண்டும் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

மெஷினை எங்கே வைப்பது? பரணில் போடலாமா?

நின்றுகொண்டு ஃபில்டர் மாற்றக்கூடிய இடத்தில். தகரக் கூரைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள இடம் காலியாகக் கிடக்கிறது என்று எல்லோருக்கும் அங்கே கண் போகும். அங்கே வைத்தால் இரவில் குளிர்ந்து நாம் மீட்ட சூடு வீணாகும், தவழ்ந்து போக வேண்டியிருப்பதால் யாரும் ஃபில்டர் மாற்றப் போக மாட்டார்கள். துணி துவைக்கும் அறையின் வெளிச்சுவர் எனக்குப் பிடித்த இடம். படுக்கையறைச் சுவரில் மாட்டாதீர்கள்.

குளிர் இரவுகளில் மெஷினுக்குள் தண்ணீர் கோக்கும். அதன் வடிகுழாய் சாய்வாக ஓடி, யு வளைவு வைத்துத் தரைச் சாக்கடையில் சேர வேண்டும். வளைவில் தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றம் படுக்கையறைக்கு வரும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

காற்று இழுக்கும் வாயை எந்தப் பக்கம் வைப்பது? குரங்கு பிடுங்காதா?

பிடுங்கும். பிளாஸ்டிக் மூடி வாங்கவே வேண்டாம். ஸ்டீல் மூடி, சுவரில் ஆங்கர் போல்ட், உள்ளே கால் அங்குலக் கண் உள்ள ஸ்டீல் வலை. கொசுவலை மாதிரி நுணுக்கமான வலை போட்டால் ஒரே சீசனில் பஞ்சும் பூச்சியும் அடைத்துவிடும்.

ஊட்டி, குந்தா, மஞ்சூர்ப் பக்கம் மழை மேற்கிலிருந்து படுக்கைவாட்டில் அடிக்கும். இழுக்கும் வாய் கிழக்கு அல்லது வடக்குச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே. கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் வடகிழக்கு மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் யார் காலையில் வெந்நீருக்கு விறகு எரிக்கிறார்கள், தேயிலைத் தொழிற்சாலைப் புகை எந்தப் பக்கம் படிகிறது, செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பனிமூட்டம் இறங்கும் காலையில் புகை மேலே போகாமல் தரையோடு தவழும், அந்த நேரத்தில் மனையில் நின்று பாருங்கள். வெளியேற்றும் வாய் இந்த இழுக்கும் வாயிலிருந்து 2, 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இரண்டுமே வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும், உள்ளே வந்த மழைத்துளி வெளியே வடிய.

சமையலறைச் சிம்னியை இதோடு இணைத்துவிடலாமா?

கூடாது. தாளிக்கும் எண்ணெய்ப்புகை தகட்டில் படிந்தால் மெஷின் போச்சு. சிம்னிக்குத் தனிக் குழாய், தனி வழி. சமையலறையின் பழைய காற்றை எச்ஆர்வி இழுக்கும் வாய் அடுப்பிலிருந்து தள்ளி, எதிர் மூலையில் இருக்கட்டும்.

சிம்னி மணிக்கு 1,000 கன மீட்டர் வரை இழுக்கும். இடுக்கில்லாத வீட்டில் அவ்வளவு காற்று எங்கிருந்து வரும்? அதை ஓட்டும்போது சமையலறை ஜன்னலை ஒரு சாண் திறப்பது எளிய வழி. மறந்துபோகிற வீடு என்றால் ஜன்னலில் ஒரு ஸ்விட்ச் வைத்து, திறந்தால்தான் சிம்னி ஓடும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லலாம்.

கணப்பு வைக்க ஆசை. வைக்கலாமா? ஹாலில் கரி அடுப்பு?

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். அடைத்த அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இப்படி இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வந்திருக்கிறது. வீட்டில் காற்றோட்ட மெஷின் ஓடுகிறது என்பதற்காக இது பாதுகாப்பாகிவிடாது. குளியலறைக்குள் மாட்டும் கேஸ் கெய்சரும் அதே ஆபத்துதான், அதை வெளிச்சுவரில் மாட்டுங்கள்.

திறந்த கணப்பும் இடுக்கில்லாத வீடும் ஒத்துப்போகாது. சிம்னி விசிறி ஓடும்போது புகைபோக்கி வழியாகவே காற்று கீழிறங்கிப் புகை ஹாலுக்குள் வரும். கண்ணாடிக் கதவு மூடிய, எரிவதற்கான காற்றைத் தனிக் குழாயில் நேராக வெளியிலிருந்தே எடுக்கும் இரும்பு அடுப்பு என்றால் வைக்கலாம். எதை வைத்தாலும் அந்த அறையிலும் படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொன்று மாட்டுங்கள்.

பூஜை அறையில் சாம்பிராணி போடுவோமே?

தாராளமாகப் போடுங்கள். அந்த அறைக்கு இழுக்கும் வாய் ஒன்று கொடுங்கள், கொடுக்கும் வாய் வேண்டாம். புகை வீடு முழுக்கப் பரவாது. வெள்ளிக்கிழமை வீடெல்லாம் மணக்க வேண்டும் என்று பாட்டி விரும்பினால் அரை மணி நேரம் மெஷினை நிறுத்திவையுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

கதவை அடைத்தால் காற்று எப்படி அறைக்கு அறை போகும்?

கதவுக்குக் கீழே 10 மி.மீ. இடைவெளி. தச்சரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், டைல்ஸ் போட்ட பிறகு உள்ள தரையிலிருந்து அளக்க வேண்டும். உள்கதவுகளுக்குக் கீழ்ப்படி வைக்காதீர்கள்.

இரவில் சத்தம் கேட்குமா?

சரியாகச் செய்தால் கேட்காது. படுக்கையறையில் 25 டெசிபல் இலக்கு. மெஷினிலிருந்து வீட்டுக்குள் போகும் இரண்டு குழாயிலும் ஒரு மீட்டரை ஒட்டி நீளமுள்ள ஒலியடக்கிப் பெட்டி வையுங்கள். செலவு மிச்சம் என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். விடாதீர்கள். சத்தம் போடும் மெஷினை வீட்டார் ஒரே வாரத்தில் அணைத்துவிடுவார்கள்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? கரண்ட் போனால்?

250 கன மீட்டருக்கு நல்ல மெஷின் சுமார் 90 வாட் எடுக்கும். இரண்டு மாதத்துக்கு 130 யூனிட். ஜனவரி இரவில் இதே மெஷின் கிட்டத்தட்ட 700 வாட் சூட்டை மீட்கும், பகலில் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே வெயில் நேரத்தில் குறைந்த வேகத்தில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள். தகட்டைச் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் உள்ள மெஷின் என்றால் மத்தியான வெயில்காற்று நேராக உள்ளே வரும். உறைபனியைத் தடுக்கும் முன்சூடேற்றி நமக்கு அநேகமாக வேலை செய்யவே செய்யாது, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

மழையில் மரம் விழுந்தால் மின்சாரம் வர நேரமாகும். இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், 150 ஏஎச் பேட்டரி ஓர் இரவு தாங்கும். இடி மின்னலுக்கு விசிறி மோட்டாரின் எலக்ட்ரானிக் பலகை எளிதில் போகும், சர்ஜ் காப்பு கட்டாயம்.

ஃபில்டர்?

வரும் பக்கம் எஃப்7 (நுண்தூசியைப் பிடிக்கும் தரம்), போகும் பக்கம் ஜி4 (பெருந்தூசிக்கு). ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும் ஒன்று, பங்குனி வாக்கில் ஒன்று. மழை முடிந்தும் ஈரத்தோடு இருக்கும் ஃபில்டரைத் தட்டிவிட்டு மறுபடி போடாதீர்கள், பூசண வாடை படுக்கையறைக்கு வரும். மாற்று ஃபில்டர் நம் நாட்டில் கிடைக்கிறதா என்று மெஷின் வாங்கும் முன்பே கேட்டு, இரண்டு செட் சேர்த்தே வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கு?

சுவரில் 160 மி.மீ. துளை போட்டு மாட்டும் பீங்கான் வகை இருக்கிறது. ஒரு நிமிடத்தை ஒட்டி வெளியே தள்ளும், அப்போது பீங்கானில் சூடு தங்கும். பிறகு திசை மாறி உள்ளே இழுக்கும். ஜோடியாக மாட்ட வேண்டும். படுக்கையறைகளுக்கு மட்டும் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

சனி, ஞாயிறு மட்டும் வருகிற வீடு. ஆள் இல்லாதபோது ஓட்டி வைக்கலாமா?

டிசம்பர் முதல் மார்ச் வரை குறைந்த வேகத்தில் ஓடட்டும், வீடு காயும். ஜூன் முதல் நவம்பர் வரை ஆளில்லாத, சூடேற்றாத வீட்டில் ஓட்டினால் வெளி ஈரத்தைக் குளிர்ந்த வீட்டுக்குள் இழுத்துவிடுவதுதான் நடக்கும். அந்த மாதங்களில் மெஷினை நிறுத்தி, வெளிவாய் மூடிகளை அடைத்து, ஈரம் உறிஞ்சும் கருவியை 65 சதவீதத்தில் வைத்துவிட்டுப் போங்கள். அதன் தண்ணீர் குழாய் வழியாகச் சாக்கடைக்கே போகட்டும். தொட்டியில் விட்டால் ஒன்றிரண்டு நாளில் நிறைந்து கருவி நின்றுவிடும். பீரோக் கதவுகளைத் திறந்து வையுங்கள், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள்.